இடது பக்கத்துக் கம்பம்

ஆர்டிஸ் ஹௌகனுக்கு டிரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாது என்பது, ஸ்வான்சன் ஏரிக்கரையில் முகாம் போட்டிருந்த அத்தனை பேருக்கும் ஒரே மதியத்தில் தெரிந்துபோனது. அவளுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது.

அவள் ஒன்றும் தெரியாத பெண் அல்ல. முப்பத்தொரு வருடம் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருடம் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். கட்டிலிலிருந்து தொண்ணூறு கிலோ ஆளை முதுகு பிடிக்காமல் எப்படி எழுப்புவது, கோபக்காரக் கிழவருக்கு எப்படிச் சவரம் செய்வது எல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மினசோட்டாவின் வட மாவட்டங்களில் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். எழுபத்தொரு வயதில், எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் கணவன் டெல்மருக்குப் போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டன. போனது வேறு ஒன்று. அவனுக்கு உலகத்தின் இடது பாதி இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதையே மூளை மறந்துவிட்டது. முகத்தில் வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு வருவான். தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு, "இப்பல்லாம் கொஞ்சமாத்தான் வைக்கிற" என்பான். ஆர்டிஸ் தட்டைத் திருப்பி வைப்பாள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டிக் கொடுப்பாள். சிவப்பு கண்ணில் படுகிற வரைக்கும் தலையைத் திருப்பிவிட்டுத்தான் வரியைப் படிக்க ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் அவள் தொழில்.

அவள் தொழிலுக்கு எட்டாதது ஒன்று இருந்தது. டெல்மர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் வானிலை பற்றிப் பேசி அனுப்பிவிட்டான். ஆர்டிஸ் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், பயிற்சி வகுப்பில் தானே சொல்லிக்கொடுத்த உபாயங்களை எல்லாம் ஒன்று விடாமல் பிரயோகித்துப் பார்த்தாள். அவன் சன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு மார்ச் மாதக் காலையில், எரிச்சலில், "டிரெய்லர் படியில உன்னால ஏற முடியாது. இந்த வருஷம் கேம்ப் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலை அவன் தடியை எடுத்துக்கொண்டு சாலையோரத் தபால் பெட்டி வரை நடந்துபோய் வந்தான். மறுநாள் இரண்டு முறை.

ஆகவே அந்த டிரெய்லர்தான் அந்த வீட்டில் மருந்து. பதின்மூன்று அடி நீளம், பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, ஃபைபரில் செய்த வெள்ளை முட்டை. உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சட்டை மாற்ற முடியாத அளவு இடம். டெல்மர் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அன்று வாங்கியது. அவன் அதைப் பின்னால் எடுப்பதைப் பார்க்க வேண்டும். ஒரே வளைவில், காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமல், இரண்டு மரங்களுக்கு நடுவில் செருகிவிடுவான். அப்போதெல்லாம் ஆர்டிஸின் வேலை பின்னால் நின்று கையை ஆட்டுவது. அவன் அவளைப் பார்த்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஆட்டுவாள்.

இப்போது ஓட்டுவது அவள். போன ஆகஸ்டில் முதல் பயணம். கூரையில் காற்றுக்கென்று இருக்கும் மூடியைச் சாத்தாமல் கிளம்பினாள். அது நெடுஞ்சாலையில் எங்கோ பறந்துபோனது. பிறகு மழை. மெத்தை வசந்தகாலம் வரைக்கும் ஈர நாயைப் போல நாறியது. அதற்குப் பரிகாரமாக, கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை இருபத்திரண்டு வரியில் அழகாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தாள். பட்டியல் நோயாளியின் கட்டில் அருகில் இருக்க வேண்டும், அலுவலக அறையில் இல்லை என்று முப்பது பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அந்தப் பட்டியலை வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு மே மாதம் இரண்டாவது பயணம் கிளம்பினாள். ஏழாவது வரி கொக்கியின் தாழ்ப்பாளைப் பற்றியது. பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே திரும்பும்போது டிரெய்லர் பிக்கப்பை விட்டுக் கழன்று, மூக்கைத் தரையில் ஊன்றி, சங்கிலியில் தொங்கிக்கொண்டு நின்றது.

மகள் கிர்ஸ்டன் வேலையிலிருந்து நூற்றைம்பது மைல் வந்து அவர்களை வீட்டில் சேர்த்தாள். கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கத்துவதில்லை. காப்பியை மிக மெதுவாகக் கலக்குவார்கள். கிர்ஸ்டன் மிக மெதுவாகக் கலக்கினாள்.

"அம்மா, உனக்கு எழுவத்தொண்ணு. அப்பாவுக்குப் பாதி உலகம் தெரியல. ரெண்டு பேருமா சேந்து ஒரு டன்னை ரோட்டுல இழுத்துட்டுப் போறீங்க."

"ஒரு டன் இல்ல. ஆயிரத்திருநூறு பவுண்டுதான்" என்றான் டெல்மர்.

கிர்ஸ்டன் அலுவலகத்தில் ஒருவர் இந்த முட்டை டிரெய்லர் கிடைக்குமா என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கடைசியில் ஆர்டிஸே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். ஜூனில் இன்னும் ஒரே பயணம். ஏதாவது ஒன்று இடித்தாலோ உடைந்தாலோ கழன்றாலோ டிரெய்லர் அந்த ஆளுக்கு. டெல்மர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் தபால் பெட்டிக்குப் போகவும் இல்லை.

அதனால் ஸ்வான்சன் ஏரிக்குப் போகும் வழி முழுவதும் ஆர்டிஸ் மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் போகவில்லை. பட்டியல் அவள் மடியில் இருந்தது. பின்னால் ஒரு நீளமான ஊர்வலம் சேர்ந்தது.

அவர்களுக்குக் கிடைத்த பதினான்காம் எண் இடம், பின்னால் எடுத்து மட்டுமே நுழையக்கூடியது. நேராக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும் இடங்கள் எல்லாம் ஜனவரியிலேயே போய்விட்டன. பக்கத்தில் நீண்டு கிடந்த ஒரு பெரிய வண்டிக்கு முன்னால் எவரெட் என்ற மனிதர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர்களும் தங்கள் நாற்காலிகளை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார்கள். யாராவது டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது முகாமில் எல்லோருக்கும் திடீரென்று ஏரியை அந்தக் கோணத்திலிருந்து பார்க்க ஆசை வந்துவிடும்.

எவரெட் எழுந்து வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"நான் பின்னால எடுத்துத் தரட்டுமா?"

"இல்லல்ல, பரவாயில்ல. நாங்க பாத்துக்கறோம்" என்றாள் ஆர்டிஸ்.

"நிஜமாவா? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"சரி, நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்டிஸுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. உதவட்டுமா என்று யாராவது கேட்டால் இரண்டு முறை மறுப்பதும், மூன்றாம் முறை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று ஒப்புக்கொள்வதும்தான் அவள் பிறந்து வளர்ந்த முறை. அவள் மூன்றாவது கேள்விக்காக முகத்தைக்கூடத் தயார் செய்துவிட்டாள். பிறகுதான் அந்த மனிதருடைய வண்டியின் எண் பலகையைப் பார்த்தாள். அரிசோனா.

தானே போய்க் கேட்பது என்பது முடியாத காரியம். ஆகவே அவள் டெல்மரைப் பின்னால் நிறுத்தினாள். தரை சமமாகவும் நிழலாகவும் இருந்த ஏரிப்பக்கம், அதாவது வண்டியின் வலது புறம் தள்ளி, தடியோடு நிறுத்தினாள். வேர் இருக்கிறதா, சரிவு இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தாள். அவன் விழக் கூடாது. அது ஒன்றுதான் அவள் புத்தியில் இருந்தது.

"நான் கைகாட்டறேன். நீ என் கையை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத" என்றான் டெல்மர். பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் பேருந்து ஓட்டுநர் இருந்தார். அதைக் கேட்டதில் அவளுக்கு ஏற்பட்ட திருப்தியில், சொன்னபடியே நடந்துகொண்டாள். திருமணமான நாற்பத்தாறு வருடத்தில் அவள் அவன் சொன்னதை அப்படியே செய்தது அன்றைக்குத்தான்.

வலது கண்ணாடியில் டெல்மர் தெரிந்தான். வா, வா, வா என்று கை அசைந்தது. ஏரிப்பக்கம் நிறைய இடம் இருந்தது. அவளும் வந்தாள். நன்றாக வருகிறது, இதற்காகவா இத்தனை பயந்தோம் என்று நினைத்தாள். கை இன்னும் அசைந்தது. பிறகு பெரிய முட்டையை யாரோ பாத்திர விளிம்பில் தட்டி உடைத்ததுபோல ஒரு சத்தம்.

மின்சாரப் பெட்டி வைத்த இரும்புக் கம்பம், இடது பக்கத்தில், பதினைந்து டிகிரி சாய்ந்து நின்றது. டிரெய்லரின் இடது பின்விளக்கு தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஃபைபரில் ஒரு முழம் நீளத்துக்கு விரிசல்.

ஆர்டிஸ் இறங்கி நின்று பார்த்தாள். இடது பக்கம் என்பது அவள் உட்கார்ந்து ஓட்டிய பக்கம். சன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தால் போதும். அவளுடைய இடது கண்ணாடியில் அந்தக் கம்பம் முதலிலிருந்தே பெரிதாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அவள் அந்தக் கண்ணாடியை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்தவனுக்காவது ஒரு காரணம் இருந்தது.

எவரெட் வந்துவிட்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"கம்பம் எனக்குத் தெரிஞ்சுதுங்க. கத்தலாமான்னுகூட நெனச்சேன். நீங்கதான் பாத்துக்கறோம்னு ரெண்டு தடவ சொல்லிட்டீங்களே."

"மூணாவது தடவ கேட்டிருக்கணும்" என்றாள் ஆர்டிஸ்.

"மூணாவதா? எதுக்கு?"

"விடு ஆர்டிஸ். அவங்க ஊர்ல ஒரு ஆள் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னுதான் அர்த்தம்" என்றான் டெல்மர். சொல்லிவிட்டு அங்கிருந்த மர மேசையின் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் பார்த்த அதே உட்காரல்.

"வித்துடு. அந்த ஆளுக்கே கொடுத்துடு" என்றான். "இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு சைக்கிளைக்கூட உரசினது கிடையாது. இன்னிக்கு கண்ணு முன்னால கம்பம் நிக்குது, எனக்குத் தெரியல."

இந்த இடத்தில் வேறொரு மனைவி அவன் தோளில் கை வைத்திருப்பாள். ஆர்டிஸ் அவனுக்கு எதிரே, வலது பக்கமாக, அவன் பார்க்கக்கூடிய இடத்தில் போய் நின்றாள்.

"கம்பம் உன் இடது பக்கம் இருந்துது. அது உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உன்னை அங்க கொண்டுபோய் நிக்க வச்சது யாரு?"

"நீ."

"இடது பக்கம் இருக்குற சோத்தைக்கூட உன்னை நம்பி விடாதவ, இடது பக்கம் ஒரு டிரெய்லரையே விட்டிருக்கேன். அப்ப தப்பு யார் மேல?"

டெல்மர் நியாயமான மனிதன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"உன் மேலதான்" என்றான்.

"சரி. அதை நீ நாலு பேர்கிட்ட சொல்லலாம். இப்ப எழுந்திரு. வண்டி பாதி ரோட்டுல நிக்குது."

எவரெட் இன்னும் போகவில்லை. இப்போதாவது உதவட்டுமா என்று கேட்டார். ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்க அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"சரிங்க" என்றாள். முதல் கேள்விக்கே. இதை அவள் அம்மா பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். "ஆனா நீங்க ஓட்ட வேண்டாம். இவர் பின்னால நில்லுங்க. அந்தப் பக்கம் வேர் நிறைய இருக்கு, தடுக்குனா பிடிச்சுக்கணும். பிடிக்கறதுன்னா கையைப் பிடிக்காதீங்க, இடுப்பு பெல்ட்டைப் பிடிங்க."

இந்த முறை டெல்மரைக் கம்பத்துக்கும் இடது பக்கம் தள்ளி நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தால் கம்பமும் டிரெய்லரும் இரண்டுமே அவனுக்கு வலது பக்கம். தட்டைத் திருப்பி வைக்கிற அதே வேலைதான். தட்டு நகராது என்பதால் ஆளைத் திருப்பினாள். இதை முதலிலேயே செய்யத் தோன்றாதவளிடம் எந்தத் துணிச்சலில் பயிற்சி வகுப்பை ஒப்படைத்தார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

டெல்மர் சன்னல் அருகே வந்தான்.

"ஸ்டீயரிங்கை மேல பிடிக்காத. அடியில பிடி. டிரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் தள்ளு. அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. கைதான் ஆட்டிட்டிருந்த."

முதல் தடவை வண்டி ஏரிப்பக்கம் போனது. இரண்டாவது தடவை சாலைக்கு. மூன்றாவது தடவை டெல்மர், "நிறுத்து நிறுத்து, இறங்கி வந்து பாரு" என்றான். இறங்கிப் பார்த்தால் கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடம். அந்த ஒரு கை இடத்தை அவன்தான் பார்த்திருந்தான். நாலாவது தடவை டிரெய்லர் உள்ளே போய் நின்றது. கோணல்தான். எதிர்ப்புற நாற்காலிகளில் யாரோ கை தட்டினார்கள். ஆர்டிஸ் அதைக் கொசு அடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். ஜூன் மாதத்தில் அதற்கும் வாய்ப்பு உண்டு.

கம்பத்தைப் பற்றிச் சொல்ல முகாம் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் பதிவேட்டைக்கூட எடுக்கவில்லை. பதினாலாம் நம்பர் கம்பம்தானே, அதில் எத்தனை நிறப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது நீலம், பச்சை, ஒரு மாதிரியான மஞ்சள் எல்லாம் இருந்தன. வெள்ளைதான் இதுவரை இல்லாமல் இருந்தது.

எவரெட்டிடம் உடைந்த பின்விளக்குக்கு ஒட்டுவதற்கென்றே செய்த சிவப்பு நாடா இருந்தது. தரையில் கிடந்த துண்டுகளைச் சேர்த்து ஆர்டிஸ் ஒட்டினாள். புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை, நேர்த்தியாகத்தான் ஒட்டியது. காட்டரிசியும் கோழியும் போட்டு வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்திருந்த, ஹாட்டிஷ் என்கிற அவியல் பண்டத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தாள். அவர் ஒரு முறைகூட மறுக்காமல் வாங்கிக்கொண்டது அவளுக்குச் சற்று அதிர்ச்சியாக இருந்தது.

சாயங்காலம், சூரியன் இன்னும் மரங்களுக்கு மேலே இருக்கும்போது, அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப்போய் மகளைக் கூப்பிட்டாள். மறைக்கலாமா என்று யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். மேடு ஏறும் வரைக்கும் யோசித்தாள். இறுதியில், இல்லத்தில் விபத்துக் குறிப்பு எழுதுவதுபோல, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள்: எங்கே நிறுத்தினாள், எதைப் பார்க்கவில்லை, எது உடைந்தது.

மறுமுனையில் கிர்ஸ்டன் காப்பி கலக்குவது கேட்டது.

"விரிசல் எவ்வளவு பெருசு?"

"ஒரு முழம்."

"எங்க ஆபீஸ் ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லாம இருந்தாத்தான் வேணுமாம். நேத்துதான் திரும்பவும் சொன்னாரு."

"அப்படியா" என்றாள் ஆர்டிஸ். வருத்தமாகச் சொல்ல முயன்றாள். சரியாக வரவில்லை. "ஒப்பந்தம்னா ஒப்பந்தம், கிர்ஸ்டன். வேற யாராவது வாங்குவாங்க."

மறுமுனையில் கரண்டி நின்றது.

"அப்பா எங்க?"

ஆர்டிஸ் கீழே பார்த்தாள். டெல்மர் பதினேழாம் எண் இடத்தில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். தடி பதினான்காம் எண் பெஞ்சிலேயே கிடந்தது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக் காட்டினான். மற்ற கை கம்பமாக நின்று, பிறகு மெல்லச் சாய்ந்தது. அந்தக் குடும்பம் சிரித்தது.

"நடந்துட்டிருக்கார். நாலாவது டேரா இது. நான் கம்பத்துல இடிச்ச கதையை ஒவ்வொரு இடமாப் போய்ச் சொல்லிட்டு வர்றார்."

"தடியோடவா?"

"தடி இல்லாம. ரெண்டு கையும் வேண்டியிருக்கு, கதைக்கு."

கிர்ஸ்டன் ரொம்ப நேரம் சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள், ஆர்டிஸ் அதைக் கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

"அடுத்த தடவ பின்னால எடுக்க வேண்டாத இடமாப் பாத்து புக் பண்ணு" என்றாள் மகள். "ஜனவரியிலேயே."

ஞாயிறு காலை கிளம்பும்போது ஆர்டிஸ் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வரியையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். கூரை மூடி, கொக்கி, தாழ்ப்பாள், சக்கரக் கட்டை. ஏறி உட்கார்ந்து பார்த்தால், அவள் பக்கத்துக் கண்ணாடியின் விளிம்பில் நெடுக ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. எவரெட் கொடுத்ததில் மிச்சம். சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தது. ஒட்டியவன் அதற்காகவே வண்டியைச் சுற்றி இந்தப் பக்கம் நடந்து வந்திருக்க வேண்டும்.

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

டெல்மர் தன் பக்கத்து இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நோயாளிக்கு" என்றான். "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பு. அப்புறம் வண்டியை எடு."

அவள் திருப்பினாள். எவரெட் தூரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து கை அசைத்துக்கொண்டிருந்தார். கம்பம் அதே சாய்வில் நின்றது. எல்லாம் தெரிந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.